மருந்தை மட்டுமல்ல, காரணத்தையும் எழுதுங்கள் டாக்டர்

மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் வார்டு செவிலியர். நீங்கள் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பிய பிறகு, நீங்கள் குறிப்பு எழுதும் கேஸ் ஷீட்டை நம்பித்தான் நாங்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

'நிலைமை பரவாயில்லை. அதே மருந்துகளைத் தொடரவும்.' நாள் தவறாமல் இதே வரி. நேரம் இல்லை, கையெழுத்து யாருடையது என்றும் புரிவதில்லை. நடுராத்திரியில் நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. அவரை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர் அந்தத் தாளைத்தான் புரட்டுகிறார். முந்தாநாள் ஒரு மருந்தின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. ஏன்? ஒவ்வாமையா, சிறுநீரகத்துக்கு ஆகாது என்றா, இல்லை கோர்ஸ் முடிந்துவிட்டதா? அது நிறுத்தியவருக்குத்தான் தெரியும், அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அதே மருந்து மறுபடி எழுதப்பட்டால் யாரைக் குறை சொல்வது?

நோயாளியின் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறிப்பு எழுதச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட். 1968-இல் அதை விளக்கிக் கட்டுரையே வெளியிட்டார். நீங்கள் படித்த 'சோப்' (SOAP) குறிப்பு முறை அவர் வழியில் வந்ததுதான்: நோயாளி சொன்னது, பரிசோதனையில் கண்டது, நீங்கள் கணிப்பது, செய்யப்போவது. இதில் மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறீர்கள். ராத்திரியில் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

அப்புறம் இன்சுலின். யூனிட் என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யூ' மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது சுழியம் மாதிரி தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதுங்கள். முன்னால் சுழியம் இல்லாத புள்ளி கண்ணுக்குத் தப்பினால் அது 5.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். கையெழுத்துச் சிக்கல் தீர்ந்தது, உண்மைதான். ஆனால் நேற்றைய குறிப்பை அப்படியே காப்பி பேஸ்ட் செய்வதால், கதீட்டரை, அதாவது சிறுநீர்க் குழாயை, எடுத்த பிறகும் 'கதீட்டர் உள்ளது' என்றே வருகிறது.

உங்களுக்கு நேரமில்லை என்பதைக் கூட நின்று பார்ப்பவள் நான். பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. மருந்தை மாற்றினால் ஏன் என்று ஒரு வரி, நேரம், படிக்கிற மாதிரி உங்கள் பெயர். நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே தொடங்குங்கள். விட்டுப்போனால் நாங்கள் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வார்டு செவிலியர்