இன்னும் வந்து சேராதவை

அடியே தூங்குமூஞ்சி,

இங்கே எல்லாரும் நலம். என் முட்டி மட்டும் நலமில்லை, அதை விடு. பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன், திட்டு வாங்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

போன வாரம் ஆபீஸில் பயிற்சி என்று பிடித்து உட்கார வைத்து, பீர் விளையாட்டு விளையாடச் சொன்னார்கள். பெயரைக் கேட்டு எழுந்து உட்காராதே, ஒரு சொட்டு கிடையாது, வெறும் அட்டையும் வில்லையும்தான். நாலு பேர் வரிசையாக உட்கார வேண்டும்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. வாரா வாரம் கீழே இருப்பவர் கேட்பதைக் கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை மேலே கேட்டு ஒரு சீட்டு எழுத வேண்டும். பேசக்கூடாது. சீட்டு போக இரண்டு வாரம், சரக்கு வர இரண்டு வாரம். அவ்வளவுதான் விதி. நான் மொத்த வியாபாரி.

முதல் நாலு வாரம் தூக்கம் வந்தது. எல்லாரும் நாலு நாலு பெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் கீழே இருந்த ஆள் கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தார். என் கையிருப்பு கரைந்தது. 12 எழுதினேன், வரவில்லை. 20 எழுதினேன், வரவில்லை. 30 எழுதும்போது பேனா அழுத்தி சீட்டே கிழிந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு வாரம் சரக்கு வரத் தொடங்கியது பார், நிற்கவே இல்லை. மேஜையில் வில்லை வைக்க இடமில்லை. அதற்குமேல் சைபர், சைபர், சைபர் என்று எழுதிக்கொண்டே, இதற்கெல்லாம் காரணமான அந்தச் சில்லறைக்காரரை மனதுக்குள் நம் மீட்டர் பாணியில் திட்டிக்கொண்டிருந்தேன். (மீட்டர் பாணி உனக்குத் தெரியும், எழுத முடியாது.)

முடிந்ததும், கடைசி வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார்கள். நான் பெரிய மலை ஒன்று, பக்கத்தில் பள்ளம் ஒன்று வரைந்தேன். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் வரைந்திருந்தார்கள். அப்புறம் அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். நாலு, நாலு, நாலு, நாலு, எட்டு. அதன்பின் கடைசிவரை எட்டேதான்! வாடிக்கையாளர் ஒரே ஒரு முறை மாறியிருக்கிறார், அதற்குமேல் அசையவே இல்லை. மலையும் பள்ளமும் நாங்கள் நாலு பேருமாகச் சேர்ந்து கட்டியவை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் 1956இல் மேலாண்மைப் பள்ளிக்கு மாறிய பிறகு இதைத்தான் கண்டுபிடித்தாராம். ஜெனரல் எலக்ட்ரிக்கின் கென்டக்கி ஆலைகளில் சில காலம் மூன்று நாலு ஷிப்டு ஓடுவதும், பிறகு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவதுமாக இருந்தது. நிர்வாகத்தைக் கேட்டால் வெளிச்சந்தை அப்படி என்றார்கள். இவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து வாரம் வாரமாகக் கணக்குப் போட்டால், வெளியே ஆர்டர் ஒரே சீராக இருந்தாலும் உள்ளே முடிவெடுக்கும் முறையாலேயே அந்த ஆட்டம் வருகிறது. அவர் வழியில் வந்த ஜான் ஸ்டெர்மன் 1989இல் இந்த விளையாட்டின் முடிவுகளை அலசிப் பார்த்தார். சரியாக ஆடினால் ஆகும் செலவைப் போல சராசரியாகப் பத்து மடங்கு ஆகிறது. காரணம், ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, வழியில் வந்துகொண்டிருக்கிறது என்பதை ஆட்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கிழிந்த என் சீட்டு ஞாபகம் வந்தது.

இதில் எனக்கு ஏன் தூக்கம் போனது என்றால், அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சின்னவள் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். முட்டி வலிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். திங்கள்கிழமை அவளிடம், ராத்திரி போனை வெளியே வைத்துவிட்டுப் படு என்று சொன்னேன். செவ்வாய் சொன்னேன். புதன் இரண்டு தடவை சொன்னேன். வியாழன் சாயங்காலம் அவளாகவே போனைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தாள். அதை நான் கவனிக்கவில்லை. "எத்தனை தடவைடி சொல்றது?" என்று அன்றைய ஆர்டரையும் போட்டேன். நாலு நாள் சரக்கும் மொத்தமாக வந்து இறங்கியது, கதவுச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. நான் கேட்கக் கேட்க அவள் பேச்சைக் குறைக்கிறாள், அவள் குறைக்கக் குறைக்க நான் கூடக் கேட்கிறேன். அவள் படமும் மலையும் பள்ளமுமாகத்தான் இருக்கும், அடியில் என் பெயர் போட்டு.

சரி, அவளிடம் கேட்கும் கேள்வியை ஏழிலிருந்து மூன்றாகக் குறைப்போம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் இதே துறையில் எழுதிய டொனெல்லா மெடோஸ் ஓர் அமைப்பில் கைவைக்கத் தகுந்த 12 இடங்களை வரிசைப்படுத்தும்போது, எண்ணை ஏற்றி இறக்குவதை ஆகக் கடைசியில் வைத்துவிட்டார். தகவல் யாருக்கு எப்போது போகிறது என்பதை மாற்றினால் அதைவிடப் பலன் உண்டாம். அதனால் இப்போது ஏற்பாடு வேறு: ஞாயிற்றுக்கிழமை அவள் சமாசாரத்தை அவளே சொல்வாள், நடுவில் நான் வாயைத் திறக்கக்கூடாது. முதல் ஞாயிறு அவள் சொன்னது மொத்தம் இரண்டு வாக்கியம், அதில் ஒன்று "அவ்ளோதான்". நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் மேலாளர் அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "இது சிஸ்டம் பிரச்சினை, தனிமனிதத் தவறில்லை" என்கிறார், குறிப்பாகத் தவறு அவருடையதாக இருக்கும்போது.

நானும் அதையே செய்யப் பார்த்தேன் என்பதால்தான் சொல்கிறேன். உன் அம்மா போனபோது இரண்டு வரி அனுப்பினேன். அது போதாது, நிதானமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும், இத்தனை தாமதத்துக்குப் பிறகு சின்னதாக எழுதினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. மூன்று மாதம் ஆனதும் இன்னும் பெரிதாக எழுத வேண்டியிருந்தது, அதனால் இன்னும் தள்ளிப்போட்டேன். அழகான வளையம், படம்கூடப் போட்டுக் காட்டலாம். ஆனால் ஹாஸ்டலில் எனக்கு ஜுரம் வந்த அந்தப் பதினைந்து நாளும் உங்கள் வீட்டில் என்னைப் படுக்க வைத்துத் தலையைக் கோதிவிட்டவர் அவர். வளையம் என்று பெயர் வைத்தால் நான் போன் பண்ணாதது சரியாகிவிடாது. என்னை மன்னித்துவிடு. அவர் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று எனக்குச் சொல்லு, முடிகிறபோது.

நீயும் எதையாவது எழுதி அழித்து வைத்திருப்பாய் என்று தெரியும். அவசரமில்லை. போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம், நாலு வாரம் சத்தம் போடாமல் இருப்பேன். ஐந்தாவது வாரம் ராத்திரி பதினொன்றுக்குப் போன் அடித்தால் நான்தான், எடுத்துத் தொலை.

உன்
முட்டிவலி