பிள்ளை கேட்கும் புத்தகத்தைத் தேடிக் கொடுப்போம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்திலிருந்து நம் பள்ளி நூலகப் பாடவேளையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அதற்கு உங்கள் ஒத்துழைப்பும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் பெரும்பாலும் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "பச்சை அட்டை மிஸ், உள்ளே ஆமை படம் இருக்கும்" என்பார்கள். "பாம்பு பத்தி இன்னொண்ணு இருக்கா?" என்பார்கள். அலமாரியில் இருந்தால் சரி. "இல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அடுத்த வாரம் வாயே திறக்காது.

அதனால் நூலக மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளை கேட்டதை, அது சொன்ன வார்த்தையிலேயே பொறுப்பாசிரியர் குறித்துக்கொள்கிறார். பிறகு இருவரும் ஹைடெக் லேப் கணினியில் உட்கார்ந்து தேடுகிறார்கள். பாம்பைப் பற்றிக் கேட்ட மாணவிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து காட்டினோம். பத்துத் தொகுதிகள் கொண்ட அந்தப் பழைய களஞ்சியத்தைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். பாம்பு சட்டை உரிப்பதைப் படித்தவள் உடனே பல்லிக்குத் தாவினாள். ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கேள்விக்குப் போகும் அந்த ஓட்டத்தைத் தடுக்காமல் கூடவே போவதுதான் எங்கள் வேலை என்று நினைக்கிறேன்.

சின்ன வகுப்புகளுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் நன்றாக உதவுகிறது. மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து, வாசிப்பு நிலையையும் குறித்தால், பிள்ளை தடுமாறாமல் படிக்கக்கூடிய படக்கதைகளாகப் பார்த்து எடுக்கலாம். பிடித்த கதையை அச்சிட்டுக் கொடுக்கவும் அங்கே அனுமதி உண்டு.

தேடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழ்ப் பெயர்களைப் பட்டியலில் ஒரே மாதிரி எழுதுவதில்லை. உ.வே. சாமிநாதையர் ஓரிடத்தில் சாமிநாத ஐயர், இன்னோரிடத்தில் உ.வே.சா. ராமன் என்று தேடிக் கிடைக்காதது இராமன் என்று தேடினால் கிடைக்கும். முதல் தடவை வரவில்லை என்றதும் விட்டுவிடாமல், எழுத்தை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். கையில் பழைய பிரதி ஏதாவது இருந்தால் பின்னட்டையில் கோடுகளோடு 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் போட்டால் அதே பதிப்பே கிடைத்துவிடும். பழைய பதிப்புகள் பலவற்றில் அது இருக்காது.

வாட்ஸ்அப் குழுக்களில் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் சுற்றி வருகிறது. தயவுசெய்து அதைப் பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்குக் காப்புரிமை உண்டு. இருபது ரூபாய் புத்தகமானாலும் அது ஒருவருடைய உழைப்பு. முறையாகப் படிக்கக் கிடைப்பதே ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதியார் வரை படிக்கலாம்.

இப்படிச் சொல்வதால் போனிலேயே படிக்கட்டும் என்று அர்த்தமில்லை. தேடுவதற்கு இணையம், படிப்பதற்குக் கையில் புத்தகம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பள்ளியில் இல்லாத நூல் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கலாம். பெயரும் ஆசிரியரும் தெரிந்துகொண்டு போனால் நூலகரும் சட்டென்று எடுத்துத் தருவார். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆனால் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்த வீடுகள் குறைவு. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது அவசியம் அழைத்துப் போங்கள்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அவற்றில் ஒன்று. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இன்னொன்று. உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கும் விதிகள் இவை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு வாசகர்தான், அந்த மரியாதையை நாம் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், பிள்ளையோடு உட்கார்ந்து அது விரும்பும் புத்தகத்தை உங்கள் போனில் தேடுங்கள். போனைத் தனியாகக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கிடைத்த பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நூலகப் பாடவேளைக்குக் கொடுத்து அனுப்புங்கள். தட்டச்சு வராதவர்கள் மைக் படத்தை அழுத்தித் தமிழிலேயே பேசினால் போதும். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பள்ளிக் கணினியில் முதலிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தயங்காமல் வரட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த நோட்டையும் மேசையில் வைக்கிறோம். உங்கள் பிள்ளை என்ன கேட்டிருக்கிறது என்று நீங்களே புரட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்