செயலாளரின் ஆண்டறிக்கை: சமய நூல் வாசிப்பு வட்டம்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

12 கூட்டங்கள் திட்டமிட்டு 9 நடத்தினோம். பொங்கல் விழா நடந்தது. நூலக அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்தோம்.

ஒன்பதில் மூன்று கூட்டங்கள், யூதர்களின் யாத்திரைப் பண்டிகைகள் பற்றியவை. ‘நமக்கெதற்கு இது?’ என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பிடிவாதமாக நடத்தியவன் நான்தான். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை மூன்றுக்கும் ஆலயத்துக்குப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது, அவரவர் சக்திக்கேற்பக் கொண்டுபோக வேண்டும் என்கிறது அவர்களுடைய வேதத்தில் உள்ள உபாகமம் என்ற நூலின் 16-ஆம் அதிகாரம். கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். யாத்திரை நின்றது, பண்டிகை நிற்கவில்லை. முன்னோர் அடிமைகளாக இருந்த எகிப்திலிருந்து தானே வெளியேறியதாக ஒவ்வொருவரும் பஸ்கா இரவில் எண்ணிக்கொள்கிறார்கள். அப்புறம் 49 நாள் எண்ணி, 50-ஆம் நாளான வாரங்களின் பண்டிகையில், சீனாய் மலையில் தோரா என்னும் வேதச் சட்டம் கிடைத்ததைக் கொண்டாடுகிறார்கள். அடிமைத்தளை அறுந்ததோடு கதை முடிவதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்தது.

கூடாரப் பண்டிகை அறுவடை வீடு வந்து சேர்ந்த பிறகு வருவது. களஞ்சியம் நிறைந்த நேரத்தில் வீட்டை விட்டு ஏழு நாள் இலைதழைக் கூரையடியில் இருக்க வேண்டும். அதைக் காட்டத்தான் மொட்டைமாடியில் கீற்றுப் பந்தல் போட்டேன். நட்சத்திரம் தெரிய இடைவெளி விடச் சொன்னதற்குப் பந்தல்காரர், “மழை ஒழுகுமே சார்” என்றார். ஒழுகியது. கூழ் கெட்டுப்போகிற அளவுக்கு மழை பெய்தால் எழுந்து உள்ளே போகலாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதிக்கிறது. எங்கள் டீ கெட்டதும் எழுந்தோம். செலவு 1,800 ரூபாய். வீண் என்பவர்கள் அன்று வராதவர்கள்தான். வந்தது என்னையும் சேர்த்து 6 பேர்.

ஏன் 6 பேர் என்பதற்கு வருகிறேன். வாரங்களின் பண்டிகை தொடங்கி, விளைச்சலின் முதற்பலன்களை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். தோட்டத்தில் முதலில் பழுத்த அத்திப்பழத்தில் நாணலைக் கட்டி அடையாளம் வைப்பார்கள். பணக்காரர் பொன், வெள்ளிக் கூடையிலும், ஏழை தோலுரித்த கொம்பில் பின்னிய கூடையிலும் எடுத்துப் போவார்கள். அங்கே எபிரெயத்தில் ஓர் அறிக்கை சொல்ல வேண்டும். தெரிந்தவர் தாமே சொன்னார், தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெட்கப்பட்டு, தெரியாதவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். சரி, இனி எல்லோருக்குமே சொல்லிக்கொடுப்போம் என்று ஏற்பாட்டை மாற்றினார்கள். இதுவும் மிஷ்னாவில் இருப்பது.

இதை நான் படித்தது ஜூனில். மார்ச்சில், சந்தா பாக்கி வைத்த 14 பேர் பெயரை மைக்கில் வாசித்திருந்தேன். விதிப்படி சரிதான், தலைவரின் ஒப்புதலும் இருந்தது. அதில் 11 பேர் அதன்பின் இந்தப் படி ஏறவில்லை. பாக்கியும் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே தருவார். செலவு கொஞ்சம் கூடுதல், கைமாற்றில் சமாளித்தோம். இடம் தந்தவருக்கும் டீ கொடுத்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பெயர் வாசிப்பதில்லை. பாக்கி உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் பெயரெழுதி மூடிய உறை ஒன்றைப் போட, வாசலில் ஒரு கூடை இருக்கும். பிரம்புக் கூடைதான்.

செயலாளர்