கீர்த்தனைக்கு ஆடினால் என்ன தவறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டும் பிறந்துவிட்டது. எங்கள் சபையில் டிசம்பரில் தொடங்கிய சச்சரவு மட்டும் இன்னும் ஓயவில்லை. சபையின் பெயர் வேண்டாம். இதே பேச்சு சிங்கப்பூரின் மற்றத் தமிழ்ச் சபைகளிலும் அடிபடுவதாக நண்பர்கள் சொல்வதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பெண், சின்ன வயதிலிருந்தே பரதநாட்டியம் கற்பவள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு ஆட விரும்பினாள். கமிட்டியில் ஒரு மூத்தவர், “அது கோயிலில் ஆடுகிற ஆட்டம், ஆலயத்துக்குள் வேண்டாம்” என்றார். இழுபறிக்குப் பிறகு, ஆராதனை முடிந்ததும் கீழே ஹாலில் ஆடிக்கொள்ளச் சொன்னார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஆடினாள். பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். அதே நாள் காலையில், மேலே பீடத்துக்கு முன்னால், வாலிபர் குழு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலப் பாட்டுக்கு ஆடியது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கைதட்டினேன், பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பாடகர் குழுவில் தபேலா வாசிக்கிறேன். இறையியல் படித்தவன் இல்லை. மூத்தவர் சொன்னதையும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் எங்கள் சபையில் உண்டு. நடராஜர் சிலைக்குப் பூப்போட்டு நடனம் தொடங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதே அடவும் சலங்கையும் ஆலயத்துக்குள் வந்தால் மனம் உறுத்தலாம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியை அவர் எடுத்துக் காட்டினார். அடுத்தவருக்கு இடறலாக இருக்காதே என்பது நல்ல புத்திதான். சரி. ஆனால் இடறல் எப்போதும் நம் ஊர்ச் சரக்கில் மட்டும்தானா இருக்கும்? கிறிஸ்துமஸ் மரம் வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் வருகிறது? அந்த மூத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் சிலுவை பொறித்த தாலிதான் கட்டினார்கள். பட்டும் மல்லிகையுமாகப் பெண் நின்றாள். தபேலா வாசித்தது நான்தான்.

ஏதோ நேற்றுதான் இந்தக் கலைகள் ஆலய வாசலுக்கு வந்தன என்பதுபோல் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தார், சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தார். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெத்லேகேம் குறவஞ்சி பாடிவிட்டார். குறவஞ்சி என்றால் தலைவன் உலா வருவான், தலைவி கண்டு மயங்குவாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள், அப்புறம் அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் வருவான். திருவிழாவில் ஆடிக் காட்டுகிற நாடகம். சாஸ்திரியார் அந்த அச்சை மாற்றவே இல்லை. உலா வருகிற தலைவன் பெத்லேகேமில் பிறந்த இயேசு. மயங்குகிறவள் தேவமோகினி, சீயோன் குமாரத்தி. குறி சொல்ல வருகிறவள் ஞானசிங்கி. போதாக்குறைக்குப் பூமி சூரியனைச் சுற்றுகிற கணக்கையும் உள்ளே வைத்திருக்கிறார். ஒரு கிறிஸ்தவக் கவிஞர் குறத்தியைக் கூப்பிட்டு நற்செய்தி சொல்ல வைத்தாரே, அந்தத் துணிச்சலில் கால் பங்கு இன்றைய கமிட்டிகளுக்கு இருந்தால் போதும்.

சாஸ்திரியாரை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை. ஆலயத்தில் சாதி வேறுபாடு பார்க்கக் கூடாது என்று புதிதாக வந்த மிஷனரிகள் சொன்னபோது அவர் எதிர்த்து நின்றார். அந்த விஷயத்தில் நான் மிஷனரிகள் பக்கம். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம்.

அவர் பாடல்களும் மற்றவர்கள் பாடல்களும் சேர்ந்ததுதான் நம் கீர்த்தனைப் புத்தகம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியார் 1853இல் இப்படியொரு தொகுப்பை அச்சிட்டார். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் போட்டிருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வகை பிரித்திருக்கும். இப்போது புத்தகம் போய்த் திரை வந்துவிட்டது. திரையில் ராகமும் இல்லை தாளமும் இல்லை. ஆறு சரணத்தில் முதலும் கடைசியும்தான் வருகின்றன. போன மாதம் மிஸ்ர சாபு தாளத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையை எடுத்தோம். தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்கு நாலு நாலாகத்தான் வரும். ஏழை எட்டாக்கிவிட்டான். மிச்சமான ஓர் அட்சரத்தை, அதாவது ஒரு தாள எண்ணிக்கையை, நிரப்புவதற்காகச் சபை முழுவதும் குறிலையெல்லாம் நெடிலாக இழுத்தது. பாட்டின் அர்த்தமே வேறு எங்கோ போய் நின்றது. அவனைக் குறை சொல்லமாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே தமிழிசையை ஆராய்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்தான், கீர்த்தனை பாடியவர்தான் என்று சொன்னேன். “யார் அங்கிள் அவர்?” என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து சில வெளிநாட்டு ஊழியர்கள் எங்கள் ஆராதனைக்கு வருவார்கள். சாயர்புரத்துப் பையன் ஒருவன் திரையைப் பார்க்காமலே எல்லாச் சரணமும் பாடுகிறான். தாளமும் தப்பவில்லை. ஊரில் பாட்டி மடியில் கற்றதாம். நம் பிள்ளைகளுக்கு அவனையே ஒரு மாதம் வாத்தியாராகப் போடலாம் என்றேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் எதிரே வெள்ளை வெளேரென்று நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1862இல் பிரதிஷ்டை ஆனது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவர்ப் பூச்சுக்கு மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். மதராஸ் சுண்ணாம்பு ஆங்கிலேயர் கட்டிய ஆலயத்தின் சுவருக்கு ஆகும்; மதராஸ் ஆட்டம் தமிழன் ஆலயத்தின் பீடத்துக்கு முன் ஆகாதா?

திருச்சியில் கத்தோலிக்கர்கள் கலைக்காவிரி என்று பரதநாட்டியத்தில் பட்டம் கொடுக்கும் கல்லூரியே நடத்துகிறார்கள். அங்கே படித்தவர்கள் விசுவாசத்தை விட்டுவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேதாகமத்தில் உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது ஆடினான். 150ஆம் சங்கீதத்தில் தம்புரு, நடனம், யாழ், கைத்தாளம் எல்லாம் வரிசையாக வருகின்றன. இதற்கு மேல் என்ன அனுமதி வேண்டும்?

சபைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு பள்ளியில் மாதம் ஒரு கீர்த்தனையையாவது ராகத்தோடும் தாளத்தோடும் கற்றுக்கொடுங்கள், எல்லாச் சரணத்தையும். எந்தப் பிள்ளைக்காவது அதற்கு ஆடத் தோன்றினால் மேலேயே ஆடவிடுங்கள். உறுத்தல் உள்ளவர்கள் இருந்தால் ஆட்டத்துக்கு முன் ஒருவர் எழுந்து பாட்டின் பொருளை இரண்டு நிமிடம் சொல்லட்டும். பாதி உறுத்தல் அதிலேயே போய்விடும்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறது. நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகள் பெத்லேகேம் குறவஞ்சியிலிருந்து குறி சொல்லும் பகுதியை மட்டுமாவது மேடையேற்றலாம். கிறிஸ்தவர்கள்தான் நடிக்க வேண்டும் என்று இல்லை. குறத்தியாக நடிக்க ஆள் கிடைத்தால் போதும், தபேலாவுக்கு நான் வருகிறேன். ஒத்திகையை மட்டும் சனிக்கிழமை வையுங்கள். ஞாயிறு காலை எனக்கு ஆராதனை இருக்கிறது.

இப்படிக்கு,
தபேலா வாசிக்கும் வாசகர்,
ஈசூன்