பச்சைத்தோல் ஆர்க்கும் சதுக்கப் பூதமும்: கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையில் இருந்துகொண்டு பேன்டஸி கேம் செய்துவரும் தம்பி தங்கைகளுக்கு, வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரி முடித்து, சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து நீங்கள் விடும் டெமோக்களைத் தேடிப்பிடித்து விளையாடுபவன் நான். படமும் கோடிங்கும் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுகின்றன. அதில் வரும் இனங்களைப் பார்க்கும்போதுதான் மனசு சோர்ந்துபோகிறது. கூர்க்காது எல்ஃப், தாடி வைத்த குள்ளரான ட்வார்ஃப், பச்சைத்தோல் முரடரான ஆர்க் என்று மேற்கத்தியக் கற்பனை இனத்தார் அப்படியே வந்து நிற்கிறார்கள். இல்லையென்றால் அதே எல்ஃபைக் கந்தர்வர் என்கிறீர்கள், அதே ஆர்க்குக்கு நெற்றியில் பட்டை போட்டு அரக்கர் என்கிறீர்கள். பெயர்ப் பலகை மாறியதே தவிர, ஆள் மாறவில்லை.

பழைய இனங்களைத் தொடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனே தம் குள்ளர்களில் பலருக்குப் பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) பாட்டிலிருந்துதான் பெயர் எடுத்தார். 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் அவரிடமிருந்து எடுத்தது. 1977-ல் அந்த ஆட்டத்துக்கு வந்த பூதப் பட்டியல் புத்தகத்தில் ஆர்க்குக்குப் பன்றி மூஞ்சி. இன்றைக்கு மரபு என்று நாம் நினைக்கும் பச்சைத்தோலை ஊரெல்லாம் பரப்பியவை வார்ஹாமர் என்ற பொம்மைப்படை ஆட்டமும், 1994-ல் வந்த வார்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டமும். 2002-ல் வார்கிராஃப்ட் 3 அதே ஆர்க்குகளை, சிறைப்பட்டு மீண்டு, புது நிலம் தேடிக் கடல் தாண்டும் மக்களாக மாற்றியது. அதே ஆண்டு வந்த மாரோவிண்ட் என்ற கணினி ஆட்டத்தின் கருப்பு எல்ஃப்களுக்கும் காது கூர்மைதான். ஆனால் எரிமலைச் சாம்பல் விழும் தீவில் முன்னோரை வணங்கிக்கொண்டு, குலத்துக்குக் குலம் பகை வளர்த்து வாழும் அவர்களை வேறு எந்த ஆட்டத்து எல்ஃபோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஓர் இனம் எதற்குக் கட்டுப்பட்டது, எதைச் செத்தாலும் செய்யாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காதும் தோலும் பிறகு வரட்டும். இதைச் சொல்லத்தான் இந்த மடலே.

பூம்புகாருக்கு வாருங்கள். சிலப்பதிகாரம் சொல்லும் ஐந்து மன்றங்களில் ஒன்று பூதசதுக்கம், அதாவது பூதம் காக்கும் நாற்சந்தி. அங்கே பாசக்கயிற்றோடு ஒரு பூதம் இருக்கிறது. தவவேடத்துக்குள் ஒளிந்து தப்பு செய்பவர், துரோகம் செய்யும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் எல்லாரும் என் கயிற்றில் விழுவார்கள் என்று நான்கு காதம் கேட்கக் குரல் கொடுத்து, அப்படிப்பட்டவர்களை அடித்துத் தின்னும். ஒருமுறை பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பிடித்துவிடுகிறது. அவன் தாய் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கோவலன் குறுக்கே வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடு என்கிறான். பூதம் மறுக்கிறது. ஒரு கெட்டவன் உயிருக்காக நல்ல உயிரை வாங்கி, எனக்குரிய நற்கதியை இழக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று சொல்லி, கோவலன் கண்ணெதிரிலேயே அந்தப் பொய்ச்சாட்சிக்காரனைத் தின்றுவிடுகிறது.

இதில் ஒரு முழு ஆட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? பூதத்தின் நிறம் என்ன, கொம்பு உண்டா என்ற கேள்வியே எழவில்லை. பிளேயர் எந்த லெவலில் இருந்தாலும் சரி, ஒரு பொய்ச்சாட்சி சொன்னால் அவருக்கு அந்தச் சந்தியைக் கடக்க வழியில்லை. சொல்லாதவரை அது தொடாது. லஞ்சம் எடுபடாது, தியாகம்கூட எடுபடாது. இதை, பெரிய எதிரியை வாள் வீசிக் கொல்லும் வழக்கமான பாஸ் ஃபைட்டாக ஆக்கிவிட்டால் மனசு ஆறாது.

உருவத்துக்கு மாதிரி வேண்டுமா? பசுபதிகோவில் பக்கம் புள்ளமங்கைக்குப் போங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். கூரை விளிம்புக்கு அடியில் ஓடும் பூதவரியை, பூதச் சிற்பங்களின் வரிசையை, அண்ணாந்து பாருங்கள். குட்டைக் காலும் தொந்தியும் பொது, சேட்டை மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. சிற்பிக்கு மரபு எந்த இடத்திலும் கையைக் கட்டவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. உங்கள் ஆட்டங்களில் கெட்ட இனம் என்றாலே கறுத்த மேனி, சுருட்டை முடி. வெயிலில் நாற்று நடுபவர்களின் நிறத்தை எடுத்து அரக்கனுக்குப் பூசுகிறீர்கள். வெட்டினால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ஏறுகிறது. மணிமேகலையில் வணிகத்துக்குக் கடலேறிய சாதுவன் கதையைப் படியுங்கள். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நாகர்கள் ஆளைத் தின்பவர்கள். தலைவனைச் சுற்றிக் கள் காய்ச்சும் பானை, முடை நாற்றம், உலர்ந்த வெள்ளெலும்பு. ஆர்க் கூடாரம் இதைவிடக் கொடூரமாக இருக்க முடியாது. ஆனால் சாதுவன் அவர்கள் பாஷையில் பேசுகிறான். உடம்பை விட்டபின் உயிர் எங்கே போகும் என்று தலைவன் கேட்கிறான், வாதாடுகிறான், கடைசியில் கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்வதில்லை என்று ஏற்கிறான். தின்றவர்களிடமிருந்து எடுத்துவைத்த பொருளையும் தூக்கிக் கொடுத்து அனுப்புகிறான். அந்தத் தலைவனோடு பேச ஒரு டயலாக் ஆப்ஷன் உங்கள் ஆட்டத்தில் உண்டா?

சிலம்பை 1892-லும் மணிமேகலையை 1898-லும் அச்சில் கொண்டுவந்தபோது உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். அந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு இவை அந்நியமாக இருக்கக் கூடாது. பாட்டு கரடுமுரடாகத் தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குழுவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க நான் தயார். வரும்போது உங்கள் எதிரிப் பட்டியலையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில், அது யாரைத் தொடாது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து உங்கள் ஆட்டங்களை விளையாடும் ஒருவன்