ஒரே புகார் எண் இரண்டு பேருக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மழையில் எங்கள் பகுதியில் வேறு வேறு தெருவைச் சேர்ந்த இருவருக்கு இணையத்தில் ஒரே புகார் எண் வந்தது. ஒருவர் பிரச்சினை தீர்ந்ததும் அந்த எண்ணை மூடிவிட்டார்கள், இன்னொருவர் போன் செய்தால் உங்கள் புகார் முடிந்துவிட்டது என்கிறார்கள், அவர் வாசலில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. எந்தச் சேவை என்பதை விடுங்கள், இது எங்கேயும் நடக்கும்.

அந்த எண் தேதியையும் மணி, நிமிடம், விநாடியையும் ஒட்டி வைத்தது போல இருந்தது. சாதாரண நாளில் இது ஓடிவிடும். கனமழை இரவில் ஒரே விநாடியில் பல பேர் பதிவு செய்வார்கள், பல சர்வர்கள், அதாவது பதிவை வாங்கும் கணினிகள், அவற்றைப் பிரித்து வாங்கும், ஒன்று கொடுத்த எண் மற்றதற்குத் தெரியாது. எல்லா சர்வரும் ஒரே இடத்தில் எண் கேட்டு வாங்கலாம்தான், ஆனால் அந்த இடம் படுத்தால் மொத்தமும் படுத்துவிடும்.

இதற்கு ட்விட்டர் 2010-லேயே ஸ்னோஃப்ளேக் என்று ஒரு வழி வெளியிட்டது. 64 பிட் எண்ணில் (பிட் என்றால் 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம்) 41 பிட் மில்லி விநாடிக் கணக்கில் நேரம், 10 பிட் எந்த சர்வர் என்பதற்கு, 12 பிட் அந்த மில்லி விநாடிக்குள் வரிசை, மீதி ஒரு பிட் பயன்படுவதில்லை. ஆக ஒரு சர்வர் யாரையும் கேட்காமல் மில்லி விநாடிக்கு 4096 எண் கொடுக்கலாம், நேரம் முன்னால் இருப்பதால் எண்ணை அடுக்கினாலே ஏறக்குறைய வந்த வரிசையும் கிடைத்துவிடும். சரி, சர்வரின் கடிகாரத்தைத் திருத்தும்போது நேரம் பின்னால் போனால்? பழைய நேரத்தைத் தாண்டும்வரை ஸ்னோஃப்ளேக் எண் தர மறுக்கும். சொந்தமாக எழுதுகிறவர்கள், நான் பார்த்தவரை, கோட்டைவிடுவது இங்கேதான். சர்வருக்கு எண் கொடுத்துப் பராமரிக்க முடியாதென்றால் 2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் யூயூஐடி என்ற நீளமான அடையாள எண்ணின் ஏழாம் வகை இருக்கிறது, 48 பிட் நேரம், மீதியில் பெரும்பகுதி தற்செயல் எண். தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 18-ஆம் பதிப்பில் அது கூடவே வருகிறது, காசும் இல்லை.

டெண்டர் விடும் அதிகாரிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எண் கொடுத்தால் என்ன ஆகும், கடிகாரம் பின்னால் போனால் என்ன ஆகும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், சோதித்தும் பாருங்கள். ஒரே எண் இரண்டாவது முறை ஏறாதபடி டேட்டாபேஸில் தடை போடுவது ஒரு வரி வேலை, அதைக்கூடச் செய்யாமல் மக்களை அலையவிடுவது அநியாயம். அப்புறம், யூயூஐடி எழுதினால் 36 எழுத்து வரும், வயதானவர்கள் அதைப் போனில் படித்துச் சொல்ல முடியாது. உள்ளே அது இருக்கட்டும், வெளியே சின்னதாக ஓர் எண் கொடுங்கள், அதற்கும் அதே தடை வேண்டும்.

- ஒரு மென்பொருள் ஊழியர்,
வேளச்சேரி, சென்னை.