டவுன்ஹால் ரோட்டுல பாத்த அண்ணனுக்கு நன்றி

பேரு கூட சொல்லாம கெளம்பிட்டீங்க, ரொம்ப நன்றிண்ணே. விண்டோஸ் 7 போட்ட பழைய சிஸ்டத்துல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேம ஃபுல்ஸ்கிரீன்ல போட்டா தண்ணி ஊதா, புல்லு செவப்பு, கடைக்காரய்ங்க கிராபிக்ஸ் கார்டு போச்சு மாத்துன்னாய்ங்க. நீங்கதான் கார்டு நல்லாத்தான்டா இருக்கு, இது 1999ல வந்த 256 கலர் கேமு, டெஸ்க்டாப்ப காட்டுற விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் நடுவுல பூந்து அந்த கலர மாத்திருது, டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரர முடிச்சுட்டு அங்கேயே நியூ டாஸ்க்ல கேம ஓடவிடு, வெளாண்டு முடிச்சதும் அதே எடத்துல எக்ஸ்ப்ளோரர்னு டைப் அடி, டெஸ்க்டாப் வந்துரும்னீங்க. பைசா செலவில்லாம சரியாயிருச்சுண்ணே!

குதிரையெல்லாம் குண்டா தெரிஞ்சுச்சே, அதுவும் நீங்க சொன்னபடி கிராபிக்ஸ் டிரைவர் செட்டிங்ல ஸ்கேலிங்க, படத்த இழுக்காம அதோட அகல உயர விகிதத்துலயே காட்டுற ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்கு மாத்துனதும் போயிருச்சு. ரெண்டு ஓரமும் கருப்பு பட்டை வருது, வந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவ பாத்தா ஜிகர்தண்டா என் செலவு.